வலது இருக்கை

அத்தியாயம் 6

பூபாலன் பாறையின் உச்சியில் நின்று கைப்பேசியை வானத்துக்கு ஆரத்தி காட்டுவதுபோல் சுற்றிக்கொண்டிருந்தான். கீழே காரின் கதவில் சாய்ந்து நின்ற கோகிலவாணிக்குத் தன் உதவியாளன் செய்வதைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. மலைக்கு வந்து இரண்டாவது நாள். விமானம் என்ற சொல்லைக் கேட்டதுமே ஊர்க்காரர்கள் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போனார்கள்.

"ஒரு கோடு வந்துருச்சு மேடம். ரெண்டாவது கோடு வேணும்னா கோயில்ல இருக்கற ஆத்தாவுக்கு மனு போடணும்."

"கெடச்ச கோட்டுல பேசிட்டு எறங்கு."

அவன் பேசியது சரவணகுமாரிடம். வழக்கைக் கொடுத்தவன் அவன்தான். மலையில் சிக்னல் கிடைக்காது, மாரியம்மன் கோயில் வளைவில் ஒரு பாறை இருக்கும், அதன் மேல் ஏறிப் பேசுங்கள் என்று காலையில் சொல்லியிருந்தான். அப்படியே இருந்தது பாறை. இன்றைக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று பூபாலன் அவனுக்குச் சொல்லிவிட்டு, பேன்ட்டில் ஒட்டிய பாசியைத் தட்டிக்கொண்டே இறங்கினான்.

ஒன்றரை வருடத்துக்கு முன், ஐப்பசி மழையில், ஒரு பயிற்சிப் பள்ளியின் சின்ன விமானம் ஜவ்வாது மலைச் சரிவில் மோதி விழுந்தது. அதிலிருந்த மாணவி நிவேதா இறந்துபோனாள். சந்தவாசல் டிராக்டர் மெக்கானிக் முனியனின் ஒரே மகள். தனியாக ஓட்டிவந்த மாணவி மேகத்துக்குள் நுழைந்து வழி தவறினாள், பிழை அவளுடையது என்று விசாரணை அறிக்கை சொன்னது. அதோடு கோப்பு மூடப்பட்டது.

சரவணகுமார் அந்தப் பயிற்சிப் பள்ளியில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். போன வாரம் வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் கோகிலவாணியின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்தான். நல்ல உயரம், கண்ணெல்லாம் சிவப்பு. மலைவாசிகள் யாரோ நிவேதாவைத் தூக்கிவந்தார்களாம். முதலில் போய்ப் பார்த்தது யார், அவள் ஏதாவது பேசினாளா என்று தெரிய வேண்டும், அவள் அப்பாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றான். தானே போய் விசாரிக்கலாம்தான், ஆனால் அந்த மலையேற மனசு வரவில்லை, ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்லை என்று சொல்லும்போது குரல் உடைந்தது. இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பரிசோதித்துப் பரிசோதித்து, எதிரில் உட்காருகிறவரைச் சந்தேகிப்பதே பழக்கமாகிப்போனவள் கோகிலவாணி. அன்றைக்கு அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள்.

மலையேறுவதற்கு முன்பு காட்பாடியில் கோபால்சாமியைப் பார்த்திருந்தாள். விமானப்படையில் விமானியாக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன விமானத்தின் படத்தைக் காட்டி எது எங்கே இருக்கும் என்று கேட்டதற்கு அவர் பொறுமையாக எல்லாம் சொன்னார். நாட்டில் விமானங்களை நூற்றுக்கணக்கில் வாங்குகிறார்கள், ஓட்ட ஆளில்லை, அதனால் மழைக்கு முளைக்கும் காளான் மாதிரி பயிற்சிப் பள்ளிகள் முளைக்கின்றன என்றார். பறந்த மணிக்கணக்கு இருந்தால்தான் உரிமம்; பறக்காமலே கணக்கு எழுதித் தருகிற பள்ளிகளும் இருக்கின்றன என்றார். விடைபெறும்போது வாசலில் நின்று அவர் சொன்னதுதான் அவள் மனசில் தங்கியது.

"நாங்க படையில இருந்தப்ப ஒருத்தன் செத்தா மத்தவங்கல்லாம் பதில் சொல்லணும்மா. இப்ப செத்தவங்களே எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டுப் போயிடறாங்க."

வளைவைத் தாண்டிக் கார் மெதுவாக ஏறியது. புளி அறுவடைக் காலம். சாலையில் பாதியைப் புளி காயப்போட்ட தார்ப்பாய்கள் பிடித்துக்கொண்டிருந்தன. எதிரே ஒரு மெலிந்த மனிதர் மொபெட்டில் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிவந்தார். கார் ஒதுங்கி வழிவிட்டது. அவர் தாண்டிப் போன பிறகும் பூபாலன் பிரேக்கில் வைத்த காலை எடுக்கவில்லை.

"மேடம், நாம பஸ்ல புளிமூட்டையாட்டம் போறோம். இங்க புளிமூட்டை ஏரோப்ளேன் பெல்ட் போட்டுக்கினு போவுது."

கோகிலவாணி திரும்பிப் பார்த்தாள். மூட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது கயிறு இல்லை. சாம்பல் நிறத்தில் அகலமான பட்டை. நடுவில் தூக்கித் திறக்கிற மாதிரி உலோகக் கொக்கி.

கார் திரும்பியது. அந்த மனிதரை டீக்கடைப் பக்கம் பிடித்தார்கள். பெயர் ரங்கன். மேலே சாமையும் புளியும் வைத்திருக்கும் விவசாயி. பெல்ட்டைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் வெளிறிப்போனது. மூட்டையை அவிழ்த்துப் பட்டையைச் சுருட்டி அவள் கையில் திணிக்கப் பார்த்தார். திருடவில்லை, காட்டில் கிடந்தது என்றார். தான் போலீஸ் இல்லை, பெல்ட்டுக்காக வரவில்லை, செத்துப்போன பெண்ணின் அப்பாவுக்காக வந்திருக்கிறேன் என்று கோகிலவாணி சொன்னாள். அப்பா என்ற சொல் வேலை செய்தது. ரங்கன் அவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே இன்னொரு பெல்ட் இருந்தது. அதையும் எடுத்துவந்து முன்னால் போட்டார்.

கோகிலவாணி இரண்டையும் திண்ணை மேல் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிவைத்தாள். ஒன்று நட்டநடுவில் கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது. அதன் கொக்கி பூட்டியது பூட்டியபடியே துருவேறிக் கிடந்தது. இன்னொன்று அடியில் மட்டும் அறுபட்டிருந்தது. அதன் கொக்கி தொட்டதும் திறந்தது.

"பொண்ண எடுக்கறதுக்கு இத்த அறுத்தோம்," என்றார் ரங்கன், முதல் பெல்ட்டைக் காட்டி. "பூட்டு நெளிஞ்சுபோய் தொறக்க வரல. இன்னொண்ணு தொறந்துதான் கெடந்துச்சு. அப்பறமா ஒருநாள் போய் அடியோட அறுத்துக்கினு வந்தேன். மூட்டை கட்ட ஆவும்னு."

ஆளில்லாத சீட்டில் பெல்ட் திறந்துதானே கிடக்கும் என்று பூபாலன் கேட்டான். கிடக்கக் கூடாது என்றாள் கோகிலவாணி. தனியாகப் பறக்கும்போது பக்கத்துச் சீட்டு பெல்ட்டைப் பூட்டித்தான் வைப்பார்களாம். தொங்கவிட்டால் ஓட்டும் கட்டுப்பாடுகளில் சிக்கிக்கொள்ளும். கோபால்சாமி சொல்லியிருந்தார். ஒருவேளை நிவேதா மறந்திருக்கலாம். அதனால் அவள் அடுத்த கேள்வியை நிதானமாகக் கேட்டாள்.

"பொண்ணு எந்தப் பக்கம் உக்காந்திருந்துச்சு?"

ரங்கன் யோசிக்கவே இல்லை. விமானத்தின் மூக்கு மேட்டைப் பார்த்துக் கிடந்ததாம். பெண் வலதுகைப் பக்கம் இருந்தாளாம். அந்தப் பக்கம் ஒரு மரம் ஒடிந்து கதவை அடைத்துக்கொண்டதால், இடதுகைப் பக்கமாக நுழைந்து குறுக்கே கை நீட்டித்தான் பெல்ட்டை அறுத்தார்களாம்.

கோகிலவாணி நிமிர்ந்தாள். தனியாக ஓட்டுகிற மாணவி இடது சீட்டில்தான் உட்கார வேண்டும்.

"மோதின வேகத்துல எடது சீட்டுலேர்ந்து வலது சீட்டுக்குப் போய் விழுந்திருக்கலாம் மேடம்," என்றான் பூபாலன்.

"விழுந்துட்டுப் பெல்ட்டையும் போட்டுக்கினாளா?"

பூபாலன் வழக்கமான குறும்பு இல்லாத குரலில், அப்படியானால் இடது சீட்டில் இருந்தது யார் என்று கேட்டான்.

பதில் வாசற்படியிலிருந்து வந்தது. ரங்கனின் மனைவி அம்சவல்லி அவ்வளவு நேரமும் முறத்தில் புளியங்கொட்டையை ஒதுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது யாருன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. ஆனா ஒருத்தன் இருந்தான்."

அன்றைக்கு முதலில் போனது அவள்தான். உச்சிப்பொழுதில், மாடு தேடிப்போன இடத்தில் இடி இறங்கின மாதிரி சத்தம் கேட்டதாம். பனி மூட்டத்தில் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்வதற்கே வெகுநேரம் ஆகிவிட்டதாம். நிவேதாவுக்கு உயிர் இருந்தது. கால் முன்பக்கத் தகட்டுக்குள் மாட்டியிருந்தது. நன்றாகவே பேசினாளாம். அக்கா, தண்ணி குடு என்றாளாம். அம்சவல்லி போய் ரங்கனையும் ஆட்களையும் கூட்டிவந்தாள். தகட்டை நெம்பிக் காலை விடுவித்தார்கள். தூக்கிப்போக டோலியும் கட்டிவிட்டார்கள். ஆனால் அந்தப் பெண் வரமாட்டேன் என்றாளாம்.

"ஏன் வரலன்னா?"

அம்சவல்லி முறத்தைக் கீழே வைத்தாள். "கூட வந்தவன் ஆள் கூட்டியார போயிருக்கான்கா, ஹெலிகாப்டர் கூட்டியாருவான்னு சொல்லுச்சு. நாம எடத்த வுட்டு நவுந்துட்டா அவன் இந்தப் பனியில வந்து தேடிக்கினு கெடப்பான், பாவம்னு சொல்லுச்சு. நாங்களும் ஒக்காந்திருந்தோம்ங்க. பொழுது சாயற வரைக்கும் ஒக்காந்திருந்தோம்."

ஒருவரும் வரவில்லை. பேச்சுக் குழற ஆரம்பித்ததும் ரங்கன் பெல்ட்டை அறுத்தார். டோலியில் தூக்கிப்போய் வழியிலிருந்த ஓடையைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கோகிலவாணி கேட்டாள். சொன்னோம் என்றார் ரங்கன். மறுநாள் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு பெரியமனுஷர் வந்தாராம். விமானத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தது, அந்தப் பெண் நினைவில்லாமல் உளறியிருக்கிறாள் என்றாராம். அடிபட்டவளை யாரைக் கேட்டுத் தூக்கினீர்கள், தூக்கினதால்தான் செத்தாள், வாயைத் திறந்தால் உங்கள் மேல்தான் கேஸ் வரும் என்று விழுந்த இடத்தில் கூடியிருந்தவர்களையெல்லாம் பொதுவாக மிரட்டினாராம்; யார், எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லையாம். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"நாங்க தூக்குனதாலதான் செத்துச்சாங்க?" என்று அம்சவல்லி கேட்டாள். ஒன்றரை வருடமாக யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வைத்திருந்த கேள்வி.

"இல்ல. யாரும் வராததாலதான் செத்தா," என்றாள் கோகிலவாணி.

உதவி தேடிப் போனவன் எந்தப் பக்கம் போயிருப்பான் என்று பூபாலன் கேட்டான். போன் பேச வேண்டுமென்றால் ஒரே இடம்தான் என்றார் ரங்கன். கோயில் வளைவு, பாறை மேல். அங்கே ஏறினால்தான் கிடைக்கும் என்பது மலைக்குக் கீழே இருக்கிற ஆட்களுக்குத் தெரியாது. கையில் போனை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி அலைந்தவனுக்குத்தான் தெரியும்.

பூபாலன் கோகிலவாணியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மலைப் பக்கமே வந்ததில்லை என்று கண்கலங்கச் சொன்னவன், எந்தப் பாறையில் சிக்னல் வரும் என்பதை அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருந்தான். பூபாலன் அந்தப் பாறையில் ஏறி இறங்கியதைப் பார்த்தும் அதை யோசிக்காமல் விட்டதற்கு அவளுக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. இரண்டு பெல்ட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். மூட்டை கட்ட வண்டியிலிருந்த நல்ல கயிற்றை எடுத்துக் கொடுத்தான் பூபாலன்.

கார் போளூருக்கு இறங்கியது.

சரவணகுமாரை ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த ஓட்டலுக்கு வரச் சொல்லியிருந்தாள். அவன் முன்னாலேயே வந்து காபி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு பெரிய விமானக் கம்பெனியில் துணை விமானியாகத் தேர்வாகியிருந்தான். அடுத்த மாதம் ஹைதராபாத்தில் பயிற்சி. கோகிலவாணி பூபாலனோடு எதிரில் உட்கார்ந்து, துருவேறிய கொக்கியோடு அறுபட்ட பெல்ட்டை மேஜை மேல் வைத்தாள்.

"இது நிவேதாவோடது. தொறந்துட்டுப் போனது உங்களோடது. அது கார்ல இருக்குது."

அவன் மறுக்கவில்லை. மறுப்பான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். காபியைத் தள்ளிவைத்துவிட்டு, யாரோ கேட்பதற்காகவே காத்திருந்தவன்போல் எல்லாவற்றையும் சொன்னான். பள்ளியில் பறக்கிற நிலையில் இருந்த விமானம் ஒன்றே ஒன்று. இரண்டு மாணவர்களை ஒரே விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, இரண்டு விமானங்கள் தனித்தனியாகப் பறந்ததாக எழுதிக்கொள்வார்கள். இருவருக்கும் மணிக்கணக்கு ஏறும். அன்றைக்கு ஓட்டியது அவன். மேகம் திரண்டதும் திரும்பிவிடலாம் என்று நிவேதா சொல்லியிருக்கிறாள். கொஞ்ச தூரம்தான், தாண்டிவிடலாம் என்றது அவன்.

விழுந்த பிறகு அவன் ஓடினான். பாறை மேல் ஏறித் தலைமைப் பயிற்சியாளருக்குப் போன் செய்தான். அவர் சொன்னது இதுதான்: நீ அந்த விமானத்திலேயே இல்லை, கணக்குப்படி வேறு விமானத்தில் பறந்துகொண்டிருக்கிறாய், யார் கண்ணிலும் படாமல் ஆலங்காயம் இறங்கி பஸ் ஏறு, அவளுக்கு நாங்கள் ஹெலிகாப்டர் அனுப்புகிறோம்.

"அனுப்புவாங்கன்னு நம்பினேன் மேடம்."

"அவளும்தான் நம்பினா." கோகிலவாணி அம்சவல்லி சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். நகர்ந்துவிட்டால் அவன் பனியில் தேடிக்கொண்டு கிடப்பான், பாவம் என்று அவள் சொன்னதையும் சொன்னாள்.

அவன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேஷம் இல்லை, நிஜமான அழுகை. குற்றம் மனசை அரித்து, தன்னைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தானே ஆள் அனுப்பியிருக்கிறான் என்று கோகிலவாணிக்குத் தோன்றியது. கோபம் இறங்கியது. அவள் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் குடித்தான். கைக்குட்டையால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அந்தம்மா இத வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்காங்களா மேடம்?"

எதற்குக் கேட்கிறீர்கள் என்றாள் கோகிலவாணி. அவன் அவசரமாக விளக்கினான். சமீபத்து விபத்துகளுக்குப் பிறகு பயிற்சிப் பள்ளிகளின் பழைய கோப்புகளையெல்லாம் மறுபடி திறக்கிறார்களாம். அடுத்த வாரம் டில்லியிலிருந்து இந்த மலைக்கு ஆள் வருகிறதாம். அந்தம்மா பேர், ஊர் தெரிந்தால் முன்கூட்டியே போய்ப் பேசி வைத்துவிடலாம், அவர்களுக்கும் வீண் தொந்தரவு இருக்காது என்று பள்ளியில் சொன்னார்களாம்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது. நிவேதா கடைசியாக என்ன சொன்னாள் என்பது அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. அதைக் கேட்டவர் யார் என்பதுதான் வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அவளை மலையேற்றியிருக்கிறார்கள்.

"அழுது முடிச்சதும் வேலையப் பாக்க ஆரம்பிச்சிட்டீங்க பாருங்க," என்றான் பூபாலன். "நீங்க நல்லா மேல வருவீங்க சார்."

கோகிலவாணி பெல்ட்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். "இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. டில்லிக்காரங்க வரும்போது சொல்லுவாங்க. பக்கத்துல நான் இருப்பேன்." அவன் எழுந்து ஏதோ சொல்ல வந்தான். அவள் நிற்கவில்லை.

சந்தவாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது முனியன் கொட்டகையில் ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஸ்டூலை எடுத்துப் போட்டார். விமானப் படைக்குத்தான் முதலில் போக ஆசைப்பட்டாள், உயரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், அதனால்தான் அந்தப் பள்ளியில் சேர்த்தேன் என்று யாரும் கேட்காமலே சொன்னார். மகளைப் பற்றி யார் வந்தாலும் அங்கிருந்துதான் அவர் ஆரம்பிப்பார் போலிருந்தது.

கோகிலவாணி பெல்ட்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவள் முடித்த பிறகும் முனியன் வெகுநேரம் துருப்பிடித்த கொக்கியை விரலால் நெம்பிக்கொண்டே இருந்தார். அது திறக்கவில்லை.

"அப்ப ஓட்டுனது எம்பொண்ணு இல்லீங்களா?"

"இல்லீங்க. திரும்பிடலாம்னு சொன்னது உங்க பொண்ணு."

அவர் தலையாட்டினார்.

"காரியம் முடிஞ்ச கையோட நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனங்க. உங்க ஏரோப்ளேன எம்பொண்ணு ஒடச்சிட்டா, மன்னிச்சுக்குங்கன்னு சொல்லி அந்தத் தலைமை வாத்தியாரக் கையெடுத்துக் கும்புட்டேன். அவரு பரவால்லன்னு சொல்லி எங்கையப் புடிச்சி எறக்கி வுட்டாரு. நல்ல மனுஷன்னு நெனச்சிக்கினு வந்தேன்."

பூபாலன் எழுந்து வெளியே போய்விட்டான். கோகிலவாணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முனியன் எழுந்து போய் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"தண்ணி குடுத்தாங்களே, அந்தம்மா வூடு எங்க இருக்குதுங்க?" என்று கேட்டார். "நான் அங்க இல்லீங்களா போயிருக்கணும்."